கிம் சார் என்றால் எந்தக் கிம்? கொரியக் குடும்பப் பெயர்களும் நம் அனுபவங்களும்

ஒரகடம் ஷிஃப்ட்காரன்:

இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். சேர்ந்த புதிதில் பெரிய தலைவலியே, "கிம் சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அனுப்புவதுதான். பிரஸ் ஷாப்பில் ஒரு கிம், பர்ச்சேஸில் ஒரு கிம், எல்லாருக்கும் மேலே இருப்பவரும் கிம். அந்த நாட்டில் ஐந்தில் ஒருவர் கிம் என்றால் வேறென்ன ஆகும்? லீ, பார்க் இரண்டையும் சேர்த்துவிட்டால் பாதி ஜனத்தொகையை நெருங்கிவிடும். அவர்களுக்குள் பதவியைச் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள், கிம் பூஜாங்-நிம், கிம் குவாஜாங்-நிம் என்று. பூஜாங் பெரிய மேனேஜர், குவாஜாங் அவருக்குக் கீழே, நிம் நம்ம 'சார்' மாதிரி. நம் ஆட்கள் வாயில் அதெல்லாம் நுழையுமா, லைனில் 'கண்ணாடி கிம்', 'கோவக்கார கிம்' தான்.

கண்ணாடி கிம் நல்ல மனுஷன். ஒருநாள் டீ டைமில், நீங்களும் பர்ச்சேஸ் கிம்மும் சொந்தமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ரிஜெக்ட் டேகின் பின்பக்கத்தில் இரண்டு ஊர்ப் பெயர் எழுதினார். இவர் கிம்ஹே ஊர் கிம், அவர் கியோங்ஜு ஊர் கிம். மூதாதையின் ஊரைச் சொன்னால்தான் எந்த வம்சம் என்று தெரியுமாம், அதற்குப் போங்வான் என்று பெயர். கிம்ஹே கிம்களின் மூதாதை சுரோ என்ற ராஜாவாம், அந்த வம்சத்தில் மட்டுமே 40 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். எல்லாரும் ராஜ வம்சமா சார் என்றதற்கு அவரே குட்டை உடைத்தார். பழைய காலத்தில் அடிமைகளுக்கும் ஏழை எளியவர்களுக்கும் குடும்பப் பெயரே கிடையாது, வம்சாவளிப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு, 1909-இல் எல்லாரும் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது மிச்சமிருந்தவர்களில் பலரும் பெரிய இடத்துப் பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்றார். தன் தாத்தாவின் தாத்தா எப்படி வாங்கினாரோ, யார் கண்டது என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

சுங்குவார்சத்திரம் அக்கா:

போங்வான் என்றதும் எங்கள் கம்பெனிக்கு மொழிபெயர்க்க வந்த கொரிய அம்மா நினைவுக்கு வந்தார். கல்யாணமாகிப் பல வருஷம், ஆனால் விசிட்டிங் கார்டில் அப்பா வழிப் பெயர்தான். கொரியாவில் பெண்கள் புருஷன் பெயருக்கு மாறுவதில்லை, பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் அப்பா பெயர் போகும். பெண்ணுக்கு இவ்வளவு நல்ல வழக்கமா என்று நான் ஆச்சரியப்பட, அவர் தன் சித்தி கதையைச் சொன்னார். சித்தியும் சித்தப்பாவும் ஒரே போங்வான். நம்மூரில் ஒரே கோத்திரம், பங்காளி முறை என்பார்களே, அதேதான், ஆனால் அங்கே வீட்டுப் பெரியவர்கள் மறுத்தது மட்டுமில்லை, சட்டமே தடுத்தது. எத்தனை தலைமுறை தள்ளி என்ற பேச்சே இல்லை, யார் என்றே தெரியாத லட்சக்கணக்கான பேர் உங்களுக்கு அண்ணன் தங்கை! சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளையும் பிறந்தது, கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. இப்படித் தவித்த ஜோடிகளுக்காக 1978, 1988, 1996 என்று மூன்று முறை அரசு கொஞ்ச காலத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது, சித்தி 1988-இல் பதிந்துகொண்டார். 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் தடை. இதைக் கேட்டுவிட்டு நான் நம்மூர் மாமன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல, அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பூசான் பிஎச்டி:

நான் பூசானில் படிக்கிறேன், கிம்ஹே பக்கத்து ஊர்தான், சுரோ ராஜா சமாதி பெயரிலேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. லேபில் ஹோ என்று ஒரு சீனியர், முதல் வாரமே "எங்க பாட்டி உங்க நாட்டுக்காரி" என்றார். பாட்டி என்றால் ஹோ ஹ்வாங்-ஓக், ஆயுத தேசத்திலிருந்து கப்பலில் வந்து கி.பி. 48-இல் சுரோவைக் கட்டிக்கொண்ட ராணி. பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மட்டும் அம்மா பெயரான ஹோ போனதாகக் கதை. அதனால் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் பெயர் வேறானாலும் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அந்த ராணி தமிழச்சி, செம்பவளம் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை இங்கே ஒட்டிவிடாதீர்கள். கதை இருக்கும் சம்குக் யூசா என்ற கொரிய நூல் எழுதப்பட்டதே 13-ஆம் நூற்றாண்டில், ஆயுத எது என்பதற்கு அயோத்தி, தாய்லாந்து என்று ஆளுக்கொரு பதில். சீனியர் மட்டும் என்னை உறவுக்காரனாகவே நடத்துகிறார், அதில் எனக்கு நஷ்டமில்லை.

என் பெயர்தான் இங்கே படாத பாடு படுகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர், கொரியாவில் அதுதான் முன்னால் வரும். ஆஸ்பத்திரியில் அப்பா பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். வீடியோ காலில் சொன்னேன், அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரகடம் ஷிஃப்ட்காரன்:

பூசான் தம்பி, கண்ணாடி கிம்மும் கிம்ஹே கிம்தானே, அப்போ அவரும் உனக்குப் பாட்டி வழிச் சொந்தம்! இது முன்னாடியே தெரிந்திருந்தால் ரெண்டு நாள் லீவாவது கூடக் கேட்டிருப்பேன்.