தண்ணீர் பாட்டிலில் போட்ட கோடு

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்):

இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுவதை ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். எனக்கு எழுத வராது என்று ஒதுங்கியே இருந்தேன். போன வாரம் ஒருவர், "கஷ்ட காலத்திலும் நேர்மையாக இருந்தவர்களுக்குச் சாமி என்ன செய்தது?" என்று கேட்டிருந்தார். என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளிக் கட்டியை எடை போட்டுக் கொடுப்பார், நாங்கள் கொலுசாக எடை போட்டுத் திருப்பிக் கொடுப்போம். வீட்டுக்காரர் உருக்குவார், கம்பி இழுப்பார், பற்ற வைப்பார். சலங்கை கோப்பது என் வேலை. எங்களிடம் ஒரு சிட்டிகைத் தூள்கூட வீணாகாது. ராவிய பொடியை முறத்தில் தட்டி எடுப்போம், கை கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து வைப்போம். தரையைக் கூட்டிய குப்பையை விலைக்கு வாங்க ஆள் வரும்.

2019 கடைசியில் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஒரு தடவைக்கு 4 மணி நேரம். காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் நடந்துவிடும். ஊசி, மாத்திரை, போக்குவரத்து, அப்புறம் கையில் ரத்தக் குழாய் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனின் வட்டி, இதெல்லாம் நம் தலையில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணமே இல்லை என்றால் கொலுசு யாருக்கு? மூன்று மாதம் அடுப்பு மூட்டாத பட்டறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆடியில் ஒருத்தர் வந்தார். தெரிந்தவர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இரக்கப்பட்டுத்தான் பேசினார். "அக்கா, 2 கிலோ வேலை தர்றேன். 70 டச்சுன்னு குடுங்க, உள்ளே 65 இருக்கட்டும். டச் பார்க்க வெட்டி எடுக்கிற கண்ணியை மட்டும் சரியா வைங்க. இந்த நேரத்துல உங்களை யாரு கேக்கப்போறா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. 70 டச் என்றால் 1 கிலோவில் 700 கிராம் வெள்ளி, மீதி செம்பு. 5 டச் குறைத்தால் கிலோவுக்கு 50 கிராம் வெள்ளி கையில் நிற்கும். அப்போது வெள்ளி விலை ஏறிக்கொண்டே போன நேரம், அந்த 50 கிராமே 3,000 ரூபாய்க்கு மேல். 2 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாத வட்டி தீர்ந்துவிடும். நான் அதை ஒரு தடவை போட்டுப் பார்த்து விடவில்லை, நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அன்று ராத்திரி 11 மணிக்கு வெள்ளி உருக்குகிற மூசையை எடுத்து வைத்தேன். உருக்கும்போது போடுகிற வெங்காரம் எடுத்து வைத்தேன். கூடுதலாகப் போட வேண்டிய செம்புக் கம்பியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். அவருக்கு நாளைக்கு 750 மில்லி என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, காலையில் அதுவரை ஊற்றி வைத்துக்கொள்வார். காபி, ரசம் எல்லாம் அதில் கழியும். ஆடி மாதம்தான், ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை, புழுக்கம்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போகிற சத்தம் கேட்டது. விளக்குப் போடவில்லை. நான் பட்டறை வாசலில் இருந்து பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பானையில் ஒரு டம்ளர் மொண்டார். வாய் நிறைய ஊற்றினார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், குடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அப்படியே வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கன்னம் உப்பியிருந்தது, கண்ணை மூடியிருந்தார். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் தொட்டியில் துப்பினார். நாக்கை வெளியே நீட்டிப் புறங்கையால் துடைத்தார். டம்ளரில் மிச்சம் இருந்ததைத் திரும்பப் பானையில் ஊற்றாமல் துளசிச் செடியில் ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

காலையில் கேட்டேன், "ஏங்க, ஒரு மடக்கு குடிச்சிருக்கலாமில்ல?" "குடிச்சா மட்டும்? அங்க போனா எடை மெஷின் சொல்லிடும்" என்றார். டயாலிசிஸுக்கு முன்னால் ஒரு எடை, முடிந்தபின் ஒரு எடை பார்ப்பார்கள். நடுவில் ஏறியதெல்லாம் தண்ணீர்தான். நிறைய ஏறியிருந்தால் அதை இழுத்து எடுக்கும்போது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு அவர் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். 25 வருடம் தராசு முன்னால் உட்கார்ந்த மனிதர், கடைசியில் தானே தராசில் ஏறி நின்றார்.

அந்த 2 கிலோவை நான் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளியை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேறு பட்டறையைப் பார்த்துக்கொண்டார்.

இதனால் எனக்குச் சாமி மேல் பக்தி பொங்கியது என்று நினைக்காதீர்கள். கோபம்தான் பொங்கியது. அந்த ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூட்டம் கிடையாது, பக்தர்களை உள்ளே விடாத காலம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அம்மாவைத் திட்டினேன். "நான் தப்புப் பண்ணலை. நீதான் பண்றே" என்று வாய்விட்டே சொன்னேன். முகக்கவசத்துக்குள் சொன்னதால் யாருக்கும் கேட்டிருக்காது. அப்புறம் சாமியைத் திட்டிவிட்டோமே என்று ஒரே பயம். திருமுறை படித்த ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அப்பர் சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து பாடிய முதல் பதிகத்தைச் சொன்னார். அது எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? எமன் மாதிரி வந்த இந்த நோயை நீ விலக்கவில்லையே, நான் கொடுமை செய்ததாக எனக்குத் தெரியவில்லையே என்றுதான். தேவாரத்தில் அந்த மனிதரின் முதல் வார்த்தையே முறையீடு. அதைக் கேட்டபின்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

வீட்டுக்காரர் 2021 டிசம்பரில் போய்விட்டார். கடனில் பாதி இன்னும் இருக்கிறது.

காப்பிக்காடு (ஏற்காடு):

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் எடை போட்டுப் பிழைத்தவன்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. சாயங்காலம் ஒவ்வொரு பெண்ணும் கொண்டுவரும் மூட்டையை நிறுத்து எழுதுவேன். அரைக் கிலோ குறைத்து எழுதினால் கேட்க நாதியில்லாத ஜனங்கள். நான் குறைத்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன்.

எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் என் மகன் பைக்கில் இறங்கி வரும்போது, ஏறி வந்த வண்டியில் மோதி இறந்தான். வயது 23. வண்டி ஓட்டியவரைப் போலீஸ் பிடித்து வைத்தது. ஆனால் டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், எனக்குத் தெரிந்தவர். ராத்திரி வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், பையன்தான் வளைவை வெட்டி வலது பக்கம் வந்தான் என்று. "நீங்க சொல்லலைன்னா நானும் சொல்ல மாட்டேன் சார்" என்றும் சொன்னார். நஷ்டஈட்டு வழக்குப் போட வந்தவர், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்றார்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய் கேட்டதைச் சொல்லிவிட்டேன். அந்த டிரைவருக்கும் இரண்டு குழந்தைகள். என் வீட்டம்மா என்னிடம் எட்டு மாதம் பேசவில்லை. "செத்த பிள்ளை மேலேயே பழி போட்டுட்டீங்களே" என்பது அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. இப்போது பேசுகிறாள். ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவின் மனைவி, தேவனைத் தூஷித்து ஜீவனை விடும் என்று சொன்னாளே, அவளைப் பிரசங்கங்களில் திட்டாதவர்கள் இல்லை. எனக்கு அது பொறுக்கவே இல்லை. யோபுவுக்குச் செத்த பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்றவைதானே? கடைசியில் ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தன, 7,000 ஆடு 14,000 ஆனது. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன், மூன்று மகள். அந்த இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "ஏதோ மறைச்ச பாவம் இருக்கும் பிரதர், அறிக்கை பண்ணிடுங்க" என்றார்கள். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் முதலில் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச ஆரம்பித்து, செய்யாத பாவத்தை ஒத்துக்கொள் என்றார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளோடு வழக்காடினான், பிறந்த நாளைச் சபித்தான், ஆனால் கடவுளைச் சமாதானப்படுத்தக்கூட ஒரு பொய் சொல்லவில்லை. முடிவில் கடவுள் அந்த மூவரிடம்தான் கோபப்படுகிறார், என் தாசன் யோபைப் போல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று. இது 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் மாரியம்மன் கதவை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், சகோதரி.

எனக்கு ஆறுதல் சொன்னது ஒரு மலையாளிப் பாட்டி. கேரளத்தவர் இல்லை, சேர்வராயனைக் கும்பிடும் எங்கள் மலைப் பழங்குடி ஜனத்தைத்தான் மலையாளி என்போம். என்னிடம் பல வருடம் பழம் நிறுத்தவர். காப்பிக் களத்துப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து, காய்கிற பழத்தைப் பலகையால் இழுத்து இழுத்துப் புரட்டிவிட்டு, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த சீசன் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வார்த்தை இல்லாமல்தான் நான் பிழைத்தேன்.

கோட்டைத்தெரு:

எங்கள் அம்மா பக்கவாதத்தில் 9 வருடம் படுக்கையில் இருந்தார். நாங்கள் அய்யூப் நபி என்று சொல்பவர்தான் ஐயா உங்கள் யோபு. குர்ஆனில் அவருடைய துஆ, அதாவது வேண்டுதல், ஒரே வரி. என்னைத் துன்பம் தீண்டிவிட்டது, நீ இரக்கம் காட்டுபவர்களில் எல்லாம் பெரிய இரக்கக்காரன். அவ்வளவுதான். குணமாக்கு என்று அதில் இல்லை. அம்மா வாய் குழறிக்கொண்டே அதைச் சொல்வார். எனக்குப் பாதிதான் புரியும்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தச் செம்புக் கம்பியை என்ன செய்தீர்கள்?

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்):

காப்பிக்காடு ஐயா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. பாட்டி மாதிரி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

தம்பி, கம்பி கேட்டீர்கள். அது கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது, பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். ஆனால் செம்பு என்ன தப்புச் செய்தது? சுத்த வெள்ளியில் கொலுசு செய்தால் மிருதுவாக இருக்கும், ஒரு மாதத்தில் நெளிந்துபோகும். செம்பு வேண்டும், சொன்ன அளவோடு வேண்டும். தீபாவளிக்கு வந்த முதல் 70 டச் வேலையில் நிறுத்து, அளவு பார்த்து அதைப் போட்டுவிட்டேன். இந்நேரம் யார் காலிலோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

பாட்டில் இருக்கிறது. அவர் போட்ட கோடு கை பட்டுப் பட்டுப் பாதி அழிந்துவிட்டது. மேலே திரும்பவும் பேனாவால் போடலாம் என்று மகன் சொல்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.