பொருள்: காற்றுக்கூம்பா, காற்றுக் கைகாட்டியா? ஆலைப் பலகைக்கு ஒரு சொல் வேண்டும்

கஞ்சிக்கோட்டிலிருந்து:

சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலைக்குப் பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதித் தரும் பணி என்னிடம் வந்திருக்கிறது. வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வரும் தமிழர் அங்கே கணிசமாக இருப்பதால், மலையாளத்தோடு தமிழும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றச் சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டப்பட்டு, செம்மஞ்சளும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் காற்றில் நிமிர்ந்தாடும் அந்தத் துணிக்குழலுக்குத்தான் சொல் அமையவில்லை. தொழிலாளர் அனைவரும் அதை ‘விண்ட்சாக்’ என்கிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்ற கருத்தை நான் இகழவில்லை. ஆனால் பலகையில் அது வெறும் பொருட்பெயராக வரவில்லை, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்துக்குள் வருகிறது. அந்த வாக்கியத்தில் தடையின்றிப் பொருந்தும் சொல்லைத் தேடுகிறேன்.

வானூர்தித் தளத்தை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லாக்கினால் என்ன குறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடுதளத்துக்குரிய பன்னாட்டு விதிப்படி இந்தக் குழல் குறைந்தது 3.6 மீட்டர் நீளமும், அகன்ற வாயில் குறைந்தது 0.9 மீட்டர் விட்டமும் கொண்டிருக்க வேண்டும். 300 மீட்டர் உயரத்தில் வரும் விமானிக்குக் கண்ணில் பட வேண்டும். அமெரிக்க அளவீட்டின்படி 3 நாட் காற்றிலேயே அது திசைக்குத் திரும்பிவிட வேண்டும், 15 நாட் காற்றில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில், முழுதாக நிமிர்ந்துவிட வேண்டும். விமானிக்கு வேண்டியது திசை, வேகம் ஆகிய இரண்டுமே. ஆலையில் அண்ணாந்து பார்க்கும் தொழிலாளிக்கோ வேகம் இரண்டாம் பட்சம். கசிந்த வாயு எந்தப் பக்கம் போகிறது என்பது ஒன்றுதான் அவருக்கு உயிர்நிலை. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி போபாலில் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுவாயு கசிந்தபோது காற்று அதை நகரக் குடியிருப்புகளின்மேல் கொண்டுபோனது. எப்பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லாமல், வாயு போன திசையிலேயே ஓடியவர்கள் பலர்.

குளோரின் சிலிண்டர்கள் வைத்திருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், அம்மோனியாவால் குளிரூட்டும் கிடங்குகள், ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படக்கூடிய எண்ணெய்க் கிணறுகள் ஆகிய இடங்களில் இதே குழல் இதே வேலையைச் செய்கிறது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நெடுஞ்சாலைப் பாலங்களின் ஓரத்தில் இதை நட்டு, பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் பற்றி லாரி ஓட்டுநர்களை எச்சரிக்கிறார்கள். வில்வித்தைத் திடல்களில் உண்டு. பூச்சிமருந்து தெளிக்கும்போது சாரல் பக்கத்து வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வரப்பில் கட்டுவோரும் உண்டு. ரோம் நகரின் டிராஜன் தூணில் செதுக்கப்பட்டிருக்கும், இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியர்களின் பாம்புக்கொடிகூட, உலோகத் தலையின் வாய்வழியே காற்று புகுந்து துணியுடல் புடைக்கும்படி அமைந்ததுதான். அந்தத் தூண் கி.பி. 113ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, விமானம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பொருளுக்கு விமானத்தின் பெயரைச் சூட்ட வேண்டியதில்லை.

‘விண்ட்சாக்’கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘காற்றுக் காலுறை’ என்பதைத் தொழிலாளர்களே சிரித்து ஒதுக்கிவிட்டார்கள். ‘காற்றுப்பை’ காருக்குள் விரியும் பைக்குப் போய்விட்டது. ‘காற்றுறை’ என்றால் காற்று உறைந்துபோனதாகத் தொனிக்கிறது. என் முன்மொழிவு ‘காற்றுக்கூம்பு’. குழுமத்தாரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம் ஐயா. தாங்கள் சொல்லும் குழலை எங்கள் கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஆலைகளிலும் காணலாம். அம்மோனியா உள்ள இடம் என்பதால் அது தேவைதான். ஆனால் ‘காற்றுக்கூம்பு’ வடிவத்தைச் சொல்கிறதே ஒழிய வேலையைச் சொல்லவில்லை. கலைச்சொல் என்பது பொருளின் பயனைக் காட்டினால்தான் பழகாதவரும் ஊகித்துக்கொள்வார். முன்பு ரயில் பாதையோரத்தில் இறங்கி ஏறிய சிக்னலுக்கு ‘கைகாட்டி’ என்ற அருமையான சொல் மக்களிடமிருந்தே வந்தது. ஊர்ப்பெயர் எழுதிச் சாலைப் பிரிவில் நிற்கும் மரத்துக்கும் அதே பெயர்தான். மேலும், பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் இக்குழலைச் சட்டைக் கையாகவே பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நம் தையற்காரர்களும் அரைக்கை, முழுக்கை என்றுதான் சொல்கிறார்கள். உருவத்தாலும் கை, செயலாலும் கைகாட்டி. ‘காற்றுக் கைகாட்டி’ என்று வைத்தால் குழந்தைக்கும் புரியும். மறுப்பதற்கு வலுவான காரணம் இருந்தால் அறியத் தாருங்கள்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

நாகர்கோவில் அன்பரின் சொல் அழகானது. அகராதிக்கு என்றால் நானே அதற்கு வாக்களித்திருப்பேன். ஆலைப் பலகைக்கு அது ஆகாது என்பதற்குக் காரணம் அதன் அழகிலேயே இருக்கிறது. கைகாட்டி என்றால் அது காட்டும் பக்கம் போகலாம் என்று பொருள். சாலையில் நிற்கும் கைகாட்டியும் அப்படித்தான், ரயில் கைகாட்டியும் வழி விடுவதற்காகத்தான் இறங்கியது. இந்தக் குழலின் நுனியோ வாயு போகும் திசையைக் காட்டுகிறது. சைரன் ஒலித்துக் கண் எரியும் நேரத்தில், பலகையில் படித்த ‘கைகாட்டி’ நினைவுக்கு வந்து, அது நீட்டும் பக்கமே ஒருவர் ஓடினால், நாம் வைத்த பெயரே அவரைப் புகைக்குள் அனுப்பியதாகிவிடும். செயலைச் சொல்லும் பெயரை விட வடிவத்தைச் சொல்லும் பெயரே இங்கே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. வடிவப்பெயர் யாரையும் எங்கும் போகச் சொல்வதில்லை.

‘காற்றுத் திசைகாட்டி’ என்று தனிமடலில் எழுதியவருக்கும் இதே பதில்தான், அதோடு இன்னொன்றும் உண்டு. நாம் காற்றுக்குப் பெயரிடுவது அது வரும் திசையை வைத்து. மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. அப்போது குழலின் நுனி கிழக்கே நீளும். ‘திசை காட்டுகிறது’ என்று மட்டும் சொன்னால், வரும் திசையையா போகும் திசையையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எங்கள் ஊரில் இது ஏட்டளவிலான கேள்வி அன்று. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே கஞ்சிக்கோடு இருக்கிறது. காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதும் அதனால்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று இந்த வழியே கோவைப் பக்கம் பாய்கிறது. மார்கழி, தையில் வறண்ட கீழ்க்காற்று எதிர்த்திசையில் பாலக்காட்டை நோக்கி வீசுகிறது. எனவே ஆலைக்குக் கிழக்கே ஒரே ஒரு ‘கூடுமிடம்’ குறித்துவிட்டு, ஆண்டு முழுவதும் அங்கேதான் வர வேண்டும் என்பது ஆடி மாதத்தில் தொழிலாளர்களை வாயுவின் பாதையில் நிறுத்துவதாகும். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு கூடுமிடங்கள் வேண்டும். அன்றைக்கு எது என்பதைக் கூம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். கம்பத்தோடு வளையத்தில் பொருந்திய அகன்ற முனை ‘வாய்’. ஒடுங்கிய முனை ‘வால்’. காற்று வாய்வழியே புகுந்து வால்வழியே வெளியேறுகிறது. வழி ஒடுங்குவதால் உள்ளே அழுத்தம் தங்கித் துணி புடைக்கிறது. வாய் எப்போதும் காற்று வரும் பக்கத்தையும், வால் காற்று போகும் பக்கத்தையும் பார்த்திருக்கும். மலையாளத்திலும் இவ்விரு சொற்களும் ஏறக்குறைய இப்படியே இருப்பதால், ஒத்திகையின்போது இரு மொழியாருக்கும் ஒரே ஏவலைக் கொடுக்க முடிகிறது.

ஏவலை எழுதுவதில்தான் கவனம் வேண்டும். ‘வாய்ப்பக்கம் ஓடுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால், கசிவு தனக்கும் காற்று வரும் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும்போது ஒருவர் அதன் ஊடாகவே ஓட நேரும். முதலில் காற்றுக்குக் குறுக்கே விலகி வாயுவின் பாதையை விட்டு வெளியேற வேண்டும், அதன் பிறகே வாய்ப்பக்கம் திரும்ப வேண்டும். இன்னொன்று, குளோரின் காற்றைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுள்ளது; அது தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களில் தேங்கும். மேலே கூம்பு சரியாகக் காட்டினாலும், சாக்கடைப் பள்ளத்திலோ நிலவறையிலோ ஒதுங்குவது கூடாது என்பதையும் பலகை சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் கூம்பு ஒழுங்காக இருந்தால்தான். கட்டடத்தை ஒட்டி நட்டால், சுவரில் மோதிச் சுழலும் காற்றில் அது எதிர்ப்பக்கம்கூடத் திரும்பும். மழையில் நனைந்த துணி கனத்துத் தொங்கி, உள்ள காற்றையும் குறைத்துக் காட்டும். சுழலும் இடம் துருவேறினால் நேற்றைய காற்றையே இன்றும் காட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் நிறம் வெளுத்துப்போன துணியை மாற்றாமல் விட்டுவிட்டு, பலகைக்கு நல்ல தமிழ் தேடுவதில் பொருளில்லை என்று நிர்வாகத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து:

ஐயா, வணக்கம். பள்ளியில் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில் ஒரு தடை எழுப்புகிறேன். கூம்பு என்றால் ஒரு முனை கூர்ந்து மூடியிருக்க வேண்டும். இதுவோ இருபுறமும் திறந்த உருவம். பாடநூல் மொழியில் இது கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனி வெட்டிய கூம்பு. சங்கப் பாட்டில் கூம்பு என்பது மரக்கலத்தின் பாய்மரம் என்பதையும் நினைவூட்டுகிறேன். உள்ளே துளையுள்ள பொருளுக்குத் ‘தூம்பு’ என்ற பழஞ்சொல் உண்டு. ஏரியின் மடையிலும் அது வழங்குகிறது, மலையாளத்திலும் இருக்கிறது. யானையின் தும்பிக்கையையும் அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ‘காற்றுத்தூம்பு’ பொருந்தாதா?

கஞ்சிக்கோட்டிலிருந்து:

அம்மாவின் தடை நியாயமானது; ஆனால் தெருவில் கூம்பு என்பது அவ்வளவு கண்டிப்பான சொல்லாக இல்லை. சாலைப் பணியில் வைக்கும் கூம்பும் நுனியில் திறந்ததுதான். பாய்மரப் பொருளைப் பொறுத்தவரை, கம்பத்தில் ஏறி நின்று காற்றை வாங்கும் பொருளுக்கு அது பகையான உறவு அன்று. ‘தூம்பு’ எனக்கும் விருப்பமான சொல். ஆனால் அதே ஆலையின் கூரைக்கு அடியில் காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாய்கள் நீளமாக ஓடுகின்றன. அவற்றுக்குக் ‘காற்றுத்தூம்பு’ இயல்பாகவே பொருந்துகிறது. வாயு கசியும் நேரத்தில் ‘காற்றுத்தூம்பைப் பாருங்கள்’ என்றால் ஒருவர் அந்தக் குழாயைப் பார்த்து நிற்கக்கூடும். அச்சொல்லை அதற்கென்றே ஒதுக்கிவைப்போம்.

ஆகவே பலகையின் வாசகத்தைப் பின்வருமாறு அனுப்பவிருக்கிறேன்: ‘சைரன் ஒலித்தால் காற்றுக்கூம்பைப் பாருங்கள். வால் நீளும் பக்கம் ஓடாதீர்கள். முதலில் காற்றுக்குக் குறுக்கே விலகுங்கள். பிறகு கூம்பின் வாய்ப்பக்கமுள்ள கூடுமிடத்துக்குச் செல்லுங்கள். பள்ளத்தில் இறங்காதீர்கள்.’ முதற்பலகையில் மட்டும் காற்றுக்கூம்பின் படத்தை வரைந்து, அடியில் ‘விண்ட்சாக்’ என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பழகிய பெயரைப் பறித்துக்கொண்டு புதுப்பெயரைக் கொடுப்பது ஆபத்து வேளைக்கு ஏற்ற முறையல்ல.

பாலங்களில் வைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கு ‘குறுக்குக்காற்று’, ‘பக்கக்காற்று’ ஆகிய இரண்டில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் ‘பக்கக்காற்று’ சரியாகப் படுகிறது. ஆனால் ஆலைப் பலகையில் ‘குறுக்கே’ என்று எழுதியிருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று தயங்குகிறேன். வாளையாறு வழியே லாரி ஓட்டும் அன்பர்கள் குழுமத்தில் இருந்தால், அவர்கள் வாயில் எது வழங்குகிறது என்று எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.