டிஹைட்ரேட்டரில் தக்காளி வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிறது. மோர் மிளகாயில் புளிப்பே இல்லை. என்ன செய்யலாம்?

மாடியில்லாதவள்:
வணக்கம். சென்னையில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மொட்டை மாடிக்கு எப்போதும் பூட்டு. பால்கனியில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வற்றல் போடுவதற்காகவே ஒரு டிஹைட்ரேட்டர் (சூடான காற்றில் காயவைக்கும் மெஷின்) வாங்கினோம். ஐந்து தட்டு, அடியில் விசிறி, 350 வாட், 35 முதல் 70 டிகிரி வரை வைக்கலாம். கொத்தவரங்காய் பிரமாதமாக வந்தது. சிக்கல் மற்ற இரண்டில்தான்.

தக்காளியை வட்டமாக நறுக்கி, 70 டிகிரியில் ஆறு மணி நேரத்துக்கு டைமர் வைத்துவிட்டு இரவு படுத்துவிடுவேன். காலை எட்டு மணிக்கு எடுத்தால் ஓரமெல்லாம் தட்டினால் சத்தம் வரும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது. பாட்டிலில் போட்ட ஒரு வாரத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிடையே வெள்ளைப் பூஞ்சை. பூத்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் குழம்பில் போடலாமா?

மோர் மிளகாயை ஒரு நாள் மோரில் ஊறவைத்து, ஒரே மூச்சில் காயவைத்தேன். பச்சை நிறம் மாறவே இல்லை. பொரித்தால் காரம் மட்டும்தான். வெயில் படாதது மோர் மிளகாயே இல்லை என்கிறார் மாமியார். உண்மையா?

பழையசோறு:
பூஞ்சை பூத்த பாட்டிலை அப்படியே கொட்டிவிடுங்கள். பொறுக்குவது, கழுவுவது, வறுப்பது எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் அது இருக்காது. தக்காளியை எவ்வளவு கனமாக நறுக்கினீர்கள்? தோலோடா?

மாடியில்லாதவள்:
கொட்டிவிட்டேன். கனம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். தோலோடுதான்.

விசிறி:
எடுத்த எடுப்பிலேயே 70 டிகிரி என்பதுதான் முதல் காரணம். உள்ளே இருக்கும் நீர் மேலே வந்து சேர்வதற்குள் மேற்பரப்பு காய்ந்து ஓடுபோல இறுகிவிடுகிறது. அப்புறம் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லை. பாட்டிலுக்குள் போன பிறகு அது மெல்லக் கசிந்து மேலே வருகிறது. பூஞ்சைக்கு அதுவே போதும். காய்கறிக்கும் தக்காளிக்கும் 55 டிகிரியை ஒட்டி வையுங்கள். கனம் அரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஆறு மணி நேரத்தில் முடியாது. பத்து, பன்னிரண்டு என்று போகும். பத்து மணி நேரம் விடாமல் ஓடினாலும் உங்கள் மெஷினுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகாது.

இரண்டாவது, அந்த டைமர். இரவு பத்து மணிக்குப் போட்டீர்கள் என்றால் நான்கு மணிக்கு நின்றிருக்கும். எட்டு மணி வரை தக்காளி ஈரக்காற்றில் சும்மா கிடந்திருக்கிறது. மழைக்காலத்தில் இது பெரிய விஷயம். 28 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 22 சதவீதமாக இறங்கிவிடும். அதனால்தான் வெளியே அடைமழை கொட்டும்போதும் மெஷினுக்குள் வற்றல் காய்கிறது. சூடு நின்றதும் அந்த வசதியும் போய்விடும். காய்ந்த பண்டம் விட்ட ஈரத்தைத் திரும்ப இழுக்கத் தொடங்கும். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் முடியும்படி போடுங்கள். அடியில் விசிறி உள்ள மெஷினில் கீழ்த்தட்டு முந்திக் காயும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை மேல் கீழாக மாற்றுங்கள்.

பழையசோறு:
காய்ந்ததா என்று சூட்டோடு பார்க்காதீர்கள். ஆறிய பிறகு ஒரு துண்டைக் கிழித்து, கிழிந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிவிடுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தால் மறுபடியும் மெஷினுக்கு அனுப்புங்கள். கொத்தவரங்காய் ஏன் நன்றாக வந்தது என்றால், அதை உப்புத் தண்ணீரில் வேகவைத்துத்தானே போட்டிருப்பீர்கள்? காயே மெல்லியது, வெந்ததும் தளர்ந்துவிடும், ஈரம் எளிதாக வெளியேறும்.

காரைக்குடி சமையல்:
மோர் மிளகாய் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. வெயிலில் காயும்போது வரும் வெளிறிய நிறம் மெஷினில் முழுதாக வராது. ஆனால் புளிப்புக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. அது மோரின் வேலை. பகலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போட்டு, மறுநாள் எடுத்துக் காயவைப்பது எதற்காக? அரைகுறையாகக் காய்ந்த மிளகாய் பஞ்சுபோல மோரை உறிஞ்சும். பாத்திரத்தில் மோர் வற்றும்வரை இதையே செய்வோம். நீங்கள் ஒரே மூச்சில் காயவைத்ததால் மிளகாய்க்கு ஒருமுறைதான் மோர் கிடைத்தது.

முதலில் நன்றாகப் புளித்த தயிரைக் கடைந்து, கல் உப்பைத் தாராளமாகப் போடுங்கள். மிளகாயின் காம்பை விட்டுவிட்டு நடுவில் கீறுங்கள். கீறாவிட்டால் மோர் உள்ளே போகாது, பொரிக்கும்போது வெடிக்கவும் வெடிக்கும். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு வடித்து, 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம், தோல் சுருங்கும்வரை மட்டும் காயவைத்து, மறுபடியும் மோரில் போடுங்கள். மோர் தீர்ந்த பிறகு கடைசிச் சுற்றில் 55 டிகிரியில், காம்பை ஒடித்தால் 'டக்'கென்று முறியும்வரை விடுங்கள். தட்டுக்கு அடியில் மோர் சொட்டும். உங்கள் மெஷினில் விசிறி அடியில் இருப்பதால் வடிதட்டில் நன்றாக வடியவிட்டுப் போடுங்கள். மோட்டாரில் உப்பு மோர் இறங்கினால் கதை முடிந்தது.

மாடியில்லாதவள்:
மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "பாதி சரி" என்பதில் அவருக்கு உடன்பாடில்லை! தக்காளியை இன்று 55 டிகிரியில், மெல்லியதாக நறுக்கிப் போட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் போடலாமா? வெங்காய வடகம்?

விசிறி:
கீரைக்கு 40 டிகிரி போதும். கூடினால் பழுத்து மணம் போய்விடும். காய்ந்த இலை விசிறிக் காற்றில் பறக்கும், மேலே ஒரு வலைத்தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

காரைக்குடி சமையல்:
வடகத்தை மட்டும் அந்த மெஷினில் போடாதீர்கள். உருண்டை கனமானது, உங்கள் தக்காளிக்கு ஆன கதிதான் ஆகும். சின்னச் சின்னதாக உதிர்த்துப் போட்டால் காயும்தான். ஆனால் சின்ன வெங்காயமும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாடையை மூடிய வீட்டில் பத்து மணி நேரம் ஓடவிட்டால் எதிர்வீட்டுக்காரரே மொட்டை மாடிச் சாவியை வாங்கிவந்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.