போர் ஓய்ந்த பிறகு வீட்டில் மிஞ்சுவது: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

குடந்தை ஆசிரியர்:

ஆண்டுதோறும் மார்ச் 20-ஆம் தேதியை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. முதலிடம் யாருக்கு, இந்தியா எத்தனையாவது என்று ஒரு நாள் பேசிவிட்டு மறந்துவிடுகிறோம். பொருளியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நான் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிப்பேன். கடைசியில் ஆப்கானிஸ்தான் இருக்கிறது.

கணக்கெடுக்கும் முறை எளிமையானது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்தாம் படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடி மிக மோசமானது. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று நாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் பெரும்போர் 2021 ஆகஸ்டில் ஓய்ந்தது. எண் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும் அல்லவா? 2022 அறிக்கையில் 2.40, 2023-இல் 1.86, 2024-இல் 1.72, 2025-இல் 1.36. துப்பாக்கி ஓய்ந்த பிறகு வாழ்க்கை இன்னும் கீழே போயிருக்கிறது. வறுமையும், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைத்ததும் இதில் அடக்கம். அவையும் போர் பாழாக்கிவிட்டுப் போன இடத்தில் வந்து உட்கார்ந்தவைதாம் என்பது என் எண்ணம்.

நம் டெல்டாவுக்குள் படை புகுந்து நாசம் செய்த காலம் எப்போதோ போய்விட்டது. 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையில் கரைகளை உடைத்து, மாடுகளையும் மனிதர்களையும் ஓட்டிக்கொண்டு போனது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூரில் நெல் திரட்டிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அதன் பிறகு நமக்குப் போர் என்பது வேறு தேசத்தில் நடப்பது. ஆனால் குவைத், ஈழம், மலாயா, உக்ரைன் என்று ஏதோ ஒரு போரில் அகப்பட்டவர் இங்கே தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். செய்தியில் படித்ததை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்.

கூத்தாநல்லூர்:

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது என் அத்தா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு எங்கள் ஊரில் அபூர்வம். அன்றோடு தொலைபேசியும் நின்றது, கடிதமும் நின்றது. இரவு பி.பி.சி. வானொலியின் தமிழோசை செய்தி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லோரும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அதில் ஜோர்டான் தலைநகரான 'அம்மான்' என்ற பெயர் காதில் விழுந்தால், பேச்சை நிறுத்தச் சொல்லி உம்மா கையை உயர்த்துவார். கைக்குழந்தைக்காரி கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவாள்.

அத்தா பாக்தாத் வழியாகப் பஸ்ஸில் ஜோர்டான் எல்லைக்கு வந்து, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறி பம்பாய் வந்து சேர்ந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து குவைத் தினார் நோட்டுகளை எடுத்து உம்மா கையில் வைத்தார். உலகத்திலேயே மதிப்பு மிகுந்த பணம் என்று பெயர் பெற்றது; அன்றைக்கு அதை வாங்க ஊரில் ஆள் இல்லை. என் சின்ன அத்தையின் கல்யாணம் தள்ளிப்போனது. அத்தா மறுபடி வெளிநாடு போகவில்லை, கடை வைத்தார், நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் கடைசிவரை பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டுதான் படுத்தார். அது காலாவதியான பிறகும் அப்படியே. உறையைத் துவைக்க எடுத்தால் முதலில் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்துக்கான படிவங்களை ஊரில் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பினோம். சில ஆண்டுகள் கழித்துப் பணமும் வந்தது. வந்தது நியாயமான பணம். ஆனால் அது ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்துக் கொடுத்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணையை ஈராக் கட்டி முடித்தது 2022 ஜனவரியில். படையை அனுப்பிய சதாம் உசேனைத் தூக்கிலிட்டது 2006-இல். அந்தப் படையெடுப்பின்போது பிறந்தே இராத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணத்திலிருந்து அந்தக் கடன் அடைந்திருக்கிறது. ஒரு நாட்டின் மகிழ்ச்சி என்று பேசும்போது எனக்கு முதலில் அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒரத்தநாடு பக்கம்:

என் கணவர் ராணுவத்தில், வடக்கு எல்லையில் இருக்கிறார். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-இல் சுகோய் விமானங்கள் வந்ததிலிருந்து அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை நடந்த நாட்களில் மட்டும், தலைக்கு மேலே சத்தம் கேட்டால் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாட்டுப்பற்று எங்கள் வீட்டில் யாருக்கும் குறைவில்லை, அதனால்தான் அவர் அங்கே நிற்கிறார். ஆனாலும் தெருவில் நின்று 'விடாமல் அடிக்க வேண்டும்' என்று பேசுகிறவர்கள், சண்டை நின்ற செய்தி கேட்டு என் மாமியார் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்க வேண்டும்.

திருச்சி முகாம்:

பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது திருச்சியை அடுத்த முகாம்.

1990-இலிருந்து எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பேட்டரி எதுவும் ஒழுங்காக வராது. அம்மா ஒரு ஜாம் போத்தலுக்குள் துண்டுப் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றுவார். அந்த வெளிச்சத்தில்தான் அண்ணன் பரீட்சைக்குப் படித்தான். பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தோம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றினால் டைனமோவில் வானொலி பாடும். அதற்கு முறை வைத்துச் சுற்றுவோம். ஷெல் விழுந்தால் பக்கத்து வீட்டுப் பங்கருக்குள் எல்லோரும் ஒன்றாக இறங்குவோம். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரலில் இன்றைக்கும் ஒரு தெம்பு இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. பயம் இருந்தது, பசி இருந்தது, ஆனால் தனியாக இல்லை.

1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு ஊரே கிளம்பியது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் லட்சக்கணக்கான சனம். ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாத நெரிசல். அந்த இரவில்தான் அம்மம்மாவைத் தவறவிட்டோம்; பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தோம், ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம், மண்டபம், அங்கிருந்து திருச்சி.

எங்களை உடைத்தது முகாமில் கிடந்த காத்திருப்புதான். ஒரே அறை, அதற்குள் சமையல், படுக்கை, படிப்பு. மாதந்தோறும் ஆள் கணக்கு எடுக்கும் நாளில் எங்கிருந்தாலும் வந்து நிற்க வேண்டும். 2021-இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புதிய வீடுகள் கட்டத் தொடங்கினார்கள்; அதற்கு நன்றி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறோம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்கள் நாட்டின் பெயர் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்த என் தங்கைக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

ஆசிரியர் ஐயா சொன்ன ஏணிக் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். "ஆறு. மூன்று பிள்ளைகளும் படித்துவிட்டீர்களே" என்றார். தங்கை யோசிக்காமல் மூன்று என்றாள். இலங்கையில் தேர்ந்தெடுக்கும் அந்த ஆயிரம் பேரில் இவர்கள் இருவரும் வரப்போவதில்லை. போரால் நாட்டை விட்டு ஓடியவர்கள் கணக்கிலிருந்தே போய்விட்டால், மிச்சம் இருப்பவர்களின் சராசரியை அந்த நாட்டின் மகிழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?

நீடாமங்கலம்:

ஐயா, ஒரு சந்தேகம். போரில் இருந்த இஸ்ரேல் 2024 அறிக்கையில் 5-ஆவது, 2025-இல் 8-ஆவது. நாம் 126, அப்புறம் 118. போருக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று என் மைத்துனர் வாதாடுகிறார்.

குடந்தை ஆசிரியர்:

மூன்றாண்டுச் சராசரி என்பதால் முதல் அடி மழுங்கித்தான் தெரியும். 2024 அறிக்கையின் எண்ணில் 2021-உம் 2022-உம் சேர்ந்திருக்கின்றன. தவிர, வருமானம், மருத்துவம், ஆபத்துக்குத் துணை நிற்க ஆள் இருக்கிறதா என்பவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவர் தன் படியைச் சொல்கிறார். குண்டு யார் வீட்டுக் கூரையில் விழுகிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. பயம் இருந்தது, ஆனால் தனியாக இல்லை என்று முகாம் சகோதரி சொன்னதற்கும் அறிக்கையில் ஒரு சான்று உண்டு. உக்ரைனில் 2022 செப்டம்பரில் எடுத்த அளவு, 2014-இல் கிரிமியாவை இழந்த பிறகு இருந்ததைவிட மேலே இருந்தது. சேதம் பல மடங்கு. ஆனால் மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்று 2023 அறிக்கை காரணம் சொல்கிறது.

கும்பகோணம், மருத்துவ மாணவி:

அது உண்மைதான் ஐயா. போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24 காலையில் உக்ரைனின் கார்கிவ் நகரில் இருந்தேன். மெட்ரோ நிலையத்துக்குள் ஓடியபோது, மொழி சரியாகத் தெரியாத எனக்கு ஒரு பாட்டி தன் போர்வையில் பாதியை விரித்துக் கொடுத்தார். ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் கை மாறிக்கொண்டே இருந்தன. மார்ச் 2-ஆம் தேதி, நடந்தாவது பக்கத்து ஊரான பிசோச்சின் போய்விடுங்கள் என்று இந்தியத் தூதரகம் சொன்னபோது, வீட்டுக்கார அம்மா தெருமுனை வரை வந்து வழி காட்டினார். இப்போதும் எனக்கு எழுதுவார். முதல் ஆண்டு செய்திகளில் 'நாம் வெல்வோம்' இருக்கும். இப்போது அது இல்லை. எத்தனை மணி நேரம் தூங்கினார், மகனிடமிருந்து செய்தி வந்ததா, இவ்வளவுதான்.

நாகூர் சாலை:

என் அப்பாவின் தகப்பனார் இரண்டாம் உலகப் போருக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா தோட்ட வேலைக்குப் போனவர். 1942-இல் ஜப்பானியர் பிடித்த பிறகு கடிதம் இல்லை. போர் முடிந்து திரும்பிய ஒருவர், ஜப்பானியரின் சயாம்-பர்மா ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே செத்தார்கள். ஆனால் எங்கள் தாத்தா செத்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பாட்டி தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டால் சமையல்கட்டுக்குள் போய்விடுவார்; போகாவிட்டால் பின்னால் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். திதி தெரியாததால் அப்பா மகாளய அமாவாசையன்று கோடியக்கரைக் கடலில் தர்ப்பணம் கொடுப்பார், பாட்டியிடம் வேதாரண்யத்தில் உர மூட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு. பாட்டி இறந்தபோது மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகவே அனுப்பினோம். நான் பார்த்தவரை அவர் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

அக்கரைப்பேட்டை:

முகாம் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் எங்கள் படகுகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, எங்கள் தெருவிலும் சாவு விழுந்தது. இதை எல்லோரும் பேசுகிறோம். பேசாத இன்னொன்று இருக்கிறது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மீனவர்களைக் கடலுக்குப் போகவிடாமல் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். ஆள் இல்லாத அந்தக் கடலில் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, போட்டுப் பழகின. 2009-இல் போர் முடிந்து, அவர்கள் கடன் வாங்கிய சின்னப் படகும் வலையுமாகத் திரும்பி வந்தபோது, எங்கள் மடி அவர்கள் வலையை அறுத்தது. 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது. எங்கள் ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள், படகுகள் அங்கே கரையில் கிடந்து மட்குகின்றன. சண்டை போட்டவர்கள் போய்விட்டார்கள். தமிழ் பேசும் இரண்டு கரை மீனவர்களும் எதிரெதிரே நிற்கிறோம்.

படகுக் கடனில் இருப்பவனிடம் உடனே மடியை விடு என்று சொல்வது சுலபமில்லை. ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற 2017-இல் மானியத் திட்டம் வந்தது; மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் மாறியே ஆக வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் நான் சொல்லி வருகிறேன். கேட்காமல் எழுந்து போகிறவர்கள் உண்டு. அக்கா, அந்தக் கரையில் உங்கள் உறவில் கடல் தொழில் செய்பவர் யாராவது இருந்தால், எங்கள் மடியால் அவருக்கு என்ன போயிற்று என்று எழுதி வாங்கித் தாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை நான் படித்துக் காட்டுகிறேன்.