அகாஸி ரேங்க் 141க்கு இறங்கக் காரணம் மணிக்கட்டா, போதையா?

பேஸ்லைன்: "விழுந்து எழுந்தவன் கதை வேணும்னா டென்னிஸ் வீரர் அகாஸியோட சுயசரிதையைப் படிங்க, 1997ல ரேங்க் 141, 1999ல நம்பர் ஒன்"னு ஒருத்தர் போட்டதுக்கு எல்லாரும் கைதட்டுறீங்க, எனக்கு பத்திக்கிட்டு வருது. அவரை எவன் தள்ளிவிட்டான்? போதைப்பொருள் எடுத்தது அவரு, டெஸ்ட்ல மாட்டினதும் உதவியாளரோட போதை கலந்த கூல்டிரிங்ஸைத் தெரியாம குடிச்சுட்டேன்னு, ஆண்கள் டென்னிஸை நடத்துற ஏடிபிக்கு பொய் லெட்டர் எழுதி தப்பிச்சதும் அவரு. இதுக்குப் பேரு பின்னடைவா?

ரேலி40: மணிக்கட்டு காயத்தை ஏன் முழுங்கிட்டீங்க? 1997ல மொத்தமே 24 மேட்ச், 12 ஜெயிச்சு 12 தோத்தார். எனக்கு மணிக்கட்டு போனப்போ கதவுல சாவி திருப்ப முடியாம இடது கையால தடவிட்டு நின்னேன், அந்த வலி உங்களுக்குத் தெரியாது.

பேஸ்லைன்: மணிக்கட்டா லெட்டர் எழுதுச்சு?

செகண்ட்சர்வ்: அந்த லெட்டரை யாரும் தோண்டி எடுக்கல ப்ரோ, 2009ல இந்த சுயசரிதைல அவரே சொன்னார். வாய மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? விம்பிள்டன் ஜெயிச்ச மனுஷன் சேலஞ்சர்ங்கிற ரெண்டாம் கட்டப் போட்டிகளுக்கு இறங்கி, ஸ்கோரை கையால மாத்துற போர்டு பக்கத்துல நின்னு ஆடி, லாஸ் வேகஸ் ஃபைனல்ல தோத்து, அடுத்து பர்பாங்க்ல ஜெயிச்சு, 1998 முடியுறப்போ 6வது இடம். ஈகோ உள்ளவன் எவன் செய்வான்?

பேஸ்லைன்: ரிட்டயர் ஆனது 2006, உண்மையைச் சொன்னது 2009. ஆடிட்டு இருக்கும்போது சொல்லியிருந்தா தைரியம்னு ஒத்துக்குவேன். அதே மாதிரி மாட்டி, லெட்டர் எழுதத் தெரியாம தண்டனை வாங்கினவன் கதையை எவன் புக்கா போட்டான்?

நெட்கார்ட்: புக்கை அவருக்காக எழுதிக் கொடுத்ததே மோரிங்கர்ங்கிற எழுத்தாளர். அட்டையில தன் பேரு வேணாம்னு அவரே சொல்லிட்டார், அதனால இங்க பாதி பேருக்குத் தெரியல.

செகண்ட்சர்வ்: எழுதினது யாருங்குறதா இப்ப கேள்வி? வாழ்ந்தது அகாஸி தானே. 1990 பிரெஞ்ச் ஓபன் ஃபைனல்ல விக் கழண்டு விழுந்துடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்னு சொல்ற மனுஷன் அவர், அதுவும் மோரிங்கர் தலையா? பேஸ்லைன், அகாஸியோட பரம எதிரி சாம்ப்ராஸ் ஆளு, போன தடவையும் இதே மாதிரிதான் குதிச்சார்.

பேஸ்லைன்: ஆமா சாம்ப்ராஸ் ஆளுதான், ரெண்டு பேரும் மோதினதுல சாம்ப்ராஸ் 20, அகாஸி 14, மறந்துடாதீங்க. சாம்ப்ராஸ் ஜெயிச்ச 2002 யுஎஸ் ஓபன் ஃபைனலும் அதுல இருக்கு. ஆனா நான் கேட்டது லெட்டரைப் பத்தி, நீங்க விக்குக்குப் போயிட்டீங்க.

ரேலி40: 1999 பிரெஞ்ச் ஓபன் ஃபைனல், உக்ரைன் வீரர் ஆந்த்ரேய் மெட்வடேவ்கிட்ட முதல் ரெண்டு செட் 1-6, 2-6னு தோத்து, அங்கிருந்து திருப்பி ஜெயிச்சார். நாலு கிராண்ட்ஸ்லாம் பட்டமும் அன்னிக்குத்தான் அவர் கையில சேர்ந்துச்சு. அதையும் லெட்டர் எழுதியா ஜெயிச்சார்?

பேஸ்லைன்: அந்த லெட்டர் இல்லேன்னா சஸ்பெண்ட் ஆகி, பேர் கெட்டு, ஸ்பான்சர் போய், அதுக்கப்புறம் எழுந்து வந்திருக்கணும். அப்படி வந்திருந்தா நானும் கைதட்டியிருப்பேன்.

ரேலி40: 141ல இருந்து வந்தாரே, அது பத்தலையா?

பேஸ்லைன்: மறுபடியும் 141. சரி, மணிக்கட்டு எத்தனை இடம் இறக்குச்சு, போதை எத்தனை இடம் இறக்குச்சு, பிரிச்சு சொல்லுங்க.

செகண்ட்சர்வ்: நீங்க முதல்ல புக்கை முழுசா படிச்சீங்களான்னு சொல்லுங்க.