மட்டக்குளி கழிவுநீர்ப் பிரச்சினை: சட்ட வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கொழும்பு மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு சாயப் பட்டறை இருக்கிறது. இரவானால் கழிவுநீரைக் கானில் திறந்துவிடுகிறார்கள். நாற்றத்தில் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி இதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதன் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்வார்களா, பார்ப்போம்.

அடுத்து, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போக யோசிக்கிறோம். அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், செலவும் கூட. ஆனாலும் யாழ்ப்பாணம் சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னதே, அந்த ஆசையும் விடவில்லை.

98இல் வழக்குப் போட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நாங்களே போத்தலில் பிடித்த தண்ணீர் நீதிமன்றத்தில் எடுபடுமா, இல்லை அதிகாரி முன்னால்தான் எடுக்க வேண்டுமா? தமிழில் பேசக்கூடிய, கட்டணம் அதிகம் கேட்காத சட்டத்தரணி யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பட்டறையின் பெயரை ஊகித்துக் கமெண்டில் போட்டுவிடாதீர்கள், அப்புறம் எங்கள் மேலேயே வழக்கு வரும்.