டெஸ்மாய்டு கட்டி: அறுக்காமல் கண்காணிப்பில் இருப்பவர்கள் யாராவது?

வணக்கங்க. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு வயது 31. இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து 2 வருடம் ஆகிறது. தைப்பொங்கல் சமயத்தில் தையல் தழும்புக்குப் பக்கத்தில் கல் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி அதிகமில்லை, குழந்தையைத் தூக்கும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கிறது.

முதலில் குடலிறக்கம் என்றார்கள். ஈரோட்டில் எடுத்த சி.டி. ஸ்கேனில் 5 செ.மீ., சார்கோமா புற்றுநோயாக இருக்கலாம் என்று வந்தது. அந்த வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறம் கோவையில் ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்ததில் டெஸ்மாய்டு (நார்த்திசுவில் வரும் ஒரு கட்டி) என்று வந்தது; அதைக் காட்டும் பீட்டா கேட்டெனின் என்ற புரதச் சோதனையும் பாசிட்டிவ். வேறு உறுப்புக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் வளரலாம், வெட்டி எடுத்தாலும் திரும்ப வரலாம் என்றார்கள். கடைசி எம்.ஆர்.ஐ.யிலும் அதே அளவுதான்.

ஒரு மருத்துவர், உடனே எடுத்துவிட்டு வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாகச் செயற்கை வலை (மெஷ்) வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், தானாகச் சுருங்குவதும் உண்டு, 3 மாதத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம் என்கிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. தங்கையின் மாமியாரோ, "கட்டியை வயித்துல வெச்சுக்கிட்டு எப்படிச் சாமி சும்மா இருக்கறது" என்று அழுகிறார்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் டெஸ்மாய்டை அறுக்காமல் கண்காணித்து வருபவர்கள் இருந்தால், எந்தத் துறை மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்று சொல்ல முடியுமாங்க?